இயர்போன் கேபிள் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறி பார்த்துக் கைவைத்தியம்

நான் முதன்முதலில் வாங்கிய மாற்றுக் கேபிள் தெண்டச் செலவு. வலது பக்கம் சத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. கேபிள்தான் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, ஆர்டர் போட்டு, பத்து நாள் காத்திருந்து, வந்ததும் ஆசையாக மாட்டினால் வலது பக்கம் பழையபடியே முனகியது. கேபிளில் ஒரு குறையும் இல்லை. காதில் நுழையும் மூக்குப் பகுதியின் வலையில் காது அழுக்கு அடைத்திருந்தது. காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் இரண்டு நிமிட வேலை.

அதன்பிறகு வீட்டிலும் அலுவலகத்திலும் யார் இயர்போனை நீட்டினாலும் முதலில் நான் சொல்வது ஒன்றுதான்: இடம் மாற்றிப் போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். இங்கே சொல்லப்போவது எல்லாம் இயர்பீஸிலிருந்து (காதில் வைக்கும் பகுதி) கேபிளைத் தனியாகக் கழற்ற முடிகிற இயர்போன்களுக்கு. ஒரே வார்ப்பாக வரும் இயர்போன்களுக்கு இதில் பாதி பொருந்தும், மீதி பொருந்தாது.

முதலில் இடம் மாற்றும் சோதனை

ஒரே வார்ப்பு இயர்போனில் கோளாறு எங்கே என்று ஊகிக்கத்தான் முடியும். கழற்றக்கூடியதில் சோதித்தே பார்த்துவிடலாம். செய்தி வாசிப்பு மாதிரி ஒற்றைக் குரல் பேசும் ஏதாவது ஒன்றை ஓடவிடுங்கள். இரண்டு இயர்பீஸையும் கழற்றி, இடதை வலது கனெக்டரிலும் வலதை இடது கனெக்டரிலும் மாட்டுங்கள். காதில் கோணலாக உட்காரும், பரவாயில்லை. காதருகே பிடித்துக் கேட்டாலே போதும்.

கேட்காத நோய் இயர்பீஸோடு சேர்ந்து இடம் மாறிவிட்டால் கேபிள் நிரபராதி. இயர்பீஸின் வலையையோ சாக்கெட்டையோ பார்க்க வேண்டும். கேபிளின் அதே பக்கத்திலேயே நோய் நின்றுவிட்டால், கேபிள், ஜாக் (போனில் சொருகும் முனை), போன் மூன்றில் ஒன்று. வேறொரு இயர்போனை அதே போனில் சொருகிப் பார்த்தால் போனும் கணக்கிலிருந்து விலகிவிடும். மாற்றிப் போட்டதும் இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறதா? கனெக்டரில் அழுக்கோ தளர்ச்சியோ இருந்திருக்கிறது. கழற்றி மாட்டியதில் தற்காலிகமாகச் சரியாகியிருக்கிறது. திரும்ப வரும், அதனால் துடைத்துவிடுங்கள்.

போன் என்று சொன்னேன் அல்லவா, அதில் இரண்டு சில்லறை விஷயங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் இடது-வலது சத்தச் சமநிலைக்கு ஒரு நகர்த்துப் பட்டை உண்டு. குழந்தைகள் கையில் போன் போயிருந்தால் அது ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவது, போன் உறை. தடித்த ரப்பர் உறை போட்ட போனில் ஜாக் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றுவிடும். உறையைக் கழற்றிவிட்டு ஒரு தடவை சொருகிப் பாருங்கள்.

உங்களுடையது எந்தக் கனெக்டர்?

பெரும்பாலும் இரண்டு வகைதான். எம்.எம்.சி.எக்ஸ். என்பது வட்டமாக, சின்னப் பொத்தான் மாதிரி 'டிக்' என்று விழுந்து, மாட்டிய பிறகும் சுழலும். ஷூர் நிறுவனத்தின் எஸ்.இ. வரிசையில் இதைப் பார்க்கலாம். மற்றது டூ-பின்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெல்லிய ஊசிகள். மூன்டிராப் போன்ற சீன நிறுவனங்களின் இயர்போன்களில் பெரும்பாலும் 0.78 மி.மீ. ஊசி. கே.இசட். இயர்போன்களில் சாக்கெட் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதன்மேல் கேபிளின் பிளாஸ்டிக் தொப்பி கவிழும், அதை 0.75 என்று குறிப்பிட்டு விற்கிறார்கள்.

கழற்றும் விதம் இரண்டுக்கும் ஒன்றேதான்: ஒயரைப் பிடிக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எம்.எம்.சி.எக்ஸ். புதிதில் முரண்டு பிடிக்கும். இயர்பீஸுக்கும் கனெக்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் இரண்டு கட்டைவிரல் நகங்களையும் கொடுத்து, எதிரெதிராகத் தள்ளினால் விட்டுவிடும். சுழலுகிறதே என்று திருகித் திருகி இழுத்தால் உள்ளே இருக்கும் நடு ஊசி சாய்ந்துவிடும். டூ-பின்னைத் திருகவே கூடாது, ஊசி வளைந்துவிடும்.

ஒரு பக்கம் அடியோடு கேட்கவில்லை

இடம் மாற்றும் சோதனையில் கேபிள்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முறிவு ஒயரின் நடுவில் இருப்பது அபூர்வம். வளைகிற இடத்தில்தான் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும்: ஜாக்கின் கழுத்து, அதிலிருந்து இரண்டு மூன்று அங்குலம், அப்புறம் காதுப்பக்கக் கனெக்டரின் அடி. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. பாக்கெட்டில் போனைத் தலைகீழாகப் போட்டு நடக்கிறவர்களுக்கு ஜாக்கின் கழுத்து முதலில் போகும்.

குரலை ஓடவிட்டு, ஜாக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அங்குலமாக இரண்டு விரல்களுக்கு நடுவில் மெல்ல மடக்கிக்கொண்டே மேலே போங்கள். ஒரு இடத்தில் 'கர்' என்று உயிர் வந்து போகும். அங்கே நூல் கட்டியோ மார்க்கரால் புள்ளி வைத்தோ அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நிச்சயம். இயர்பீஸைக் கழற்றிவிட்டு மீட்டரை பீப் ஒலிக்கும் கன்டினியூட்டி நிலையில் வையுங்கள். மூன்று பகுதி கொண்ட 3.5 மி.மீ. ஜாக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த், அதாவது மின்னோட்டம் திரும்பும் வழி. எம்.எம்.சி.எக்ஸ். முனையில் நடு ஊசிக்குச் சிக்னல், வெளி வளையத்துக்கு எர்த். ஜாக்கின் நுனியில் ஒரு முனை, இடது கனெக்டரின் நடு ஊசியில் மறுமுனை. பீப் வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது. ஒயரை ஆட்டும்போதும் விடாமல் வர வேண்டும். டூ-பின்னில் இரண்டு ஊசியில் எது எர்த் என்று வெளியே பார்த்துத் தெரியாது, இரண்டையும் தொட்டுப் பார்த்தால் மீட்டரே சொல்லிவிடும்.

முறிவு ஜாக்கின் பக்கம் என்றால் ஜாக்கை வெட்டிப் புதிது வைக்கலாம், கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். காதுப்பக்கக் கனெக்டரின் அடியில் என்றால் கேபிளையே மாற்றுங்கள். அந்தச் சின்ன வார்ப்புக்குள் சால்டர் வைப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு; சாதாரணக் கேபிளின் விலைக்கு அந்த உழைப்பு தகாது. பஸ்ஸில் போகிற அவசரத்துக்கு, சத்தம் வருகிற கோணத்திலேயே மடக்கி டேப் சுற்றிக்கொள்வதை நானும் செய்திருக்கிறேன். அது ஒரு வாரம் தாங்கும், இரண்டு வாரம் தாங்காது.

தலையைத் திருப்பினால் விட்டு விட்டுக் கேட்கிறது

இதுதான் கழற்றக்கூடிய கேபிளுக்கே உரிய வியாதி. வசதிக்குக் கொடுக்கும் வாடகை என்று சொல்லலாம்.

எம்.எம்.சி.எக்ஸ். என்றால், கனெக்டரை மட்டும் இரண்டு விரலால் பிடித்து இயர்பீஸுக்குள்ளேயே மெல்லச் சுழற்றுங்கள். சுழற்றும்போது சத்தம் அறுந்து அறுந்து வந்தால் தொடுமுனையில்தான் கோளாறு. ஆண்டுக்கணக்கில் காதோரம் சுழன்று சுழன்று உலோகம் தேய்ந்த பொடியும், வியர்வை உப்பும் அங்கே படிகின்றன. கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில் ஈரப்படும் அளவுக்கு மட்டும் தொட்டு, கேபிள் பக்கத்தைத் துடையுங்கள். சாக்கெட்டுக்குள் பஞ்சு நுழையாது. பல் குத்தும் மரக்குச்சி நுனியில் துளி பஞ்சைச் சுற்றி, வாய்ப்பகுதியை மட்டும் சுற்றித் துடைத்தால் போதும். ஆல்கஹாலை ஊற்றவோ தெளிக்கவோ வேண்டாம், சாக்கெட்டுக்குப் பின்னாலேயே ஒலியை எழுப்பும் டிரைவர் இருக்கிறது. கால் மணி நேரம் காயவிட்டு மாட்டுங்கள்.

துடைத்தும் தீரவில்லை என்றால் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. கேபிள் பக்கத்து உலோகக் குழலைச் சுற்றி, முழுவட்டம் ஆகாமல் ஓரிடத்தில் வெட்டு விட்ட ஒரு சின்ன வளையம் இருக்கும். அதுதான் 'டிக்' என்று விழுந்து பிடித்துக்கொள்கிற ஸ்பிரிங். அது தேய்ந்தாலோ கழன்று தொலைந்தாலோ கனெக்டர் லொடலொட என்று சுற்றும். கேபிளை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஏனென்றால் வளையம் கேபிளோடு வருகிறது. புதுக் கேபிளிலும் அதே விட்டு விட்டு என்றால் தேய்ந்தது இயர்பீஸ் சாக்கெட். அது கடைக்காரர் வேலை. எம்.எம்.சி.எக்ஸ். கனெக்டர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆயுள் 500 தடவை மாட்டிக் கழற்றுவது. கேட்கப் பெரிய எண். ஆனால் தினமும் கழற்றித் துடைத்து வைக்கிற சுத்தக்காரருக்கு ஒன்றரை வருஷத்துக்குக்கூட வராது. தேவை இல்லாமல் கழற்றாதீர்கள்.

டூ-பின்னில் பிரச்சினை வேறு மாதிரி. ஊசி சாக்கெட்டுக்குள் நழுவி நழுவி வரும், லேசாக அழுத்தினால் சத்தம் திரும்பும். முதலில் ஊசிகள் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சற்றே சாய்ந்திருந்தால் தட்டை மூக்குக் குறடால் ஒரே தடவையில் மெல்ல நிமிர்த்தலாம். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்து கையில் வரும். தளர்ச்சிக்கு இணையத்தில் சொல்லும் வைத்தியம், இரண்டு ஊசிகளையும் ஒரு மயிரிழை வெளிப்பக்கமாக விரிப்பது. வேலை செய்கிறது, நானும் செய்தேன். ஆனால் அது சாக்கெட்டின் துளையைக் கோணலாகத் தேய்க்கிறது, நாளைக்கு இன்னும் கொஞ்சம் விரிக்க வேண்டிவரும். புதுக் கேபிள் வரும்வரைக்குமான ஒத்திவைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

தளர்வு எப்படி வந்தது என்று யோசித்தால், பல சமயம் காரணம் நாமே. 0.75 சாக்கெட்டில் 0.78 ஊசியைத் திணித்தால் உள்ளே போய்விடும், வித்தியாசம் 0.03 மி.மீ.தானே என்று தோன்றும். துளை ஒருமுறை அகன்றால் பழைய கேபிள் அதில் ஆட ஆரம்பித்துவிடும்.

ஊசி ஒடிந்து சாக்கெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் குண்டூசியால் நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்து இழுக்கலாம் என்று சொல்கிறவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள். பசை சாக்கெட்டில் வழிந்தால் இயர்பீஸுக்கே திதி கொடுக்க வேண்டியதுதான். மொபைல் போர்டு வேலை செய்கிற, மைக்ராஸ்கோப் வைத்திருக்கிற கடைக்கு எடுத்துப் போங்கள்.

ஜாக்கைத் திருப்பினால் கரகரக்கிறது

ஜாக்கைத் துணியால் அழுந்தத் துடையுங்கள். பாதி கரகரப்பு அங்கேயே தீரும். மீதி, போனின் துளைக்குள் திணிந்து கிடக்கும் பாக்கெட் பஞ்சு. ஒவ்வொரு முறை ஜாக்கைச் சொருகும்போதும் அது அடியில் போய்க் கெட்டியாகிறது. ஒரு நாள் ஜாக் முழுதாக உள்ளே போகாது. போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுங்கள். வருகிற பஞ்சைப் பார்த்தால் ஒரு திரி திரிக்கலாம் போல இருக்கும். ஊக்கு, குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடுகளைக் கீறிவிடும்.

3.5 மி.மீ. துளையே இல்லாத போன்களில் டைப்-சி அடாப்டர் வால் ஒன்றைத் தொங்கவிட்டுக் கேட்கிறோம். அந்த வாலின் ஒயர்தான் எல்லாவற்றிலும் மெலிந்தது, கேபிளுக்கு முன்னால் அது போகும். கேபிளைச் சந்தேகப்படும் முன் வேறொரு வாலை மாட்டிப் பாருங்கள். இன்னொன்று: சில மலிவு வால்களில் ஒலியை மாற்றித் தரும் சிப்பே கிடையாது, போன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாத போனில் அந்த வால் சுத்தமாக ஊமை. அதற்குக் கேபிளை நொந்துகொண்டு பயன் இல்லை.

பாட்டு ஓடுகிறது, பாடகரைக் காணோம்

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. வயலின் கேட்கும், எதிரொலி கேட்கும், ஓரத்தில் ஒரு தாளம் கேட்கும். பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது மாதிரி. முதல்தடவை கேட்கிறவர்கள் பாட்டு ஃபைல் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

கெட்டது எர்த் ஒயர். சாதாரண 3.5 மி.மீ. ஜாக்கில் இடதுக்கும் வலதுக்கும் சிக்னல் தனித்தனி, திரும்பும் வழி மட்டும் பொது. அந்தப் பொது வழி அறுந்ததும் மின்னோட்டம் இடது இயர்பீஸ் வழியாகப் போய் வலது இயர்பீஸ் வழியாகத் திரும்புகிறது. அப்போது காதுக்கு வருவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பாடகரின் குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சரிசமமாகக் கலக்கிறார்கள், ஆகவே அது ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. கரோக்கிக்காகக் குரலை நீக்கும் பழைய வித்தையும் இதே கணக்குதான்.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. கறுப்பு வெள்ளைக் காலத்துப் பழைய மோனோ பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். மோனோவில் இரண்டு பக்கமும் ஒன்றேதான், வித்தியாசம் பூஜ்யம். எனவே பாட்டே ஏறக்குறைய மௌனமாகிவிடும். புதுப் பாட்டு பொக்கையாகவும் பழைய பாட்டு ஊமையாகவும் இருந்தால் எர்த் போனது நிச்சயம். (செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கி மறுவெளியீடு செய்த பதிவுகள் இந்தச் சோதனைக்கு ஆகாது.)

உடனே ஜாக்கை வெட்டக் கத்தியை எடுத்துவிடாதீர்கள். ஜாக் முழுதாக உள்ளே போகாவிட்டாலும் இதே அறிகுறிதான் வரும். மைக் வைத்த கேபிளில் இன்னொரு காரணமும் உண்டு: மைக் பட்டனை அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் பாடகர் திரும்பி வந்தால், கேபிளில் மைக்கும் எர்த்தும் இருக்கும் வரிசை அந்தக் கருவியின் வரிசையோடு ஒத்துப்போகவில்லை. நான்கு பகுதி ஜாக்கில் இன்றைய போன்கள் எதிர்பார்ப்பது நுனியிலிருந்து இடது, வலது, எர்த், மைக் என்ற வரிசை. பழைய சில கருவிகளில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். அந்தக் கேபிளை வேறு போனில் சொருகினால் நன்றாகப் பாடும்.

4.4 மி.மீ. பேலன்ஸ்டு கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேடிக்கை கிடைக்காது. அதில் இரண்டு பக்கத்துக்கும் திரும்பும் வழி தனித்தனி, அறுந்தால் அந்தப் பக்கம் மட்டும் போகும்.

பேஸ் வற்றிவிட்டது, குரல் நடுவில் நிற்கவில்லை

கேபிள் மாற்றிய அன்றே ஆரம்பித்ததா? அப்படியானால் ஒரு பக்கத்து டூ-பின் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சத்தமாகத்தான் கேட்கும், ஆனால் ஒரு டிரைவர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. குரல் நெற்றிக்கு நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவி, ஒருவித மயக்கம் மாதிரி இருக்கும். தாழ்ந்த ஒலி சப்பென்று ஆகிவிடும்.

ஒரே ஒரு பக்கத்து டூ-பின்னை 180 பாகை திருப்பி மாட்டிக் கேளுங்கள். குரல் சட்டென்று நடுவுக்கு வந்தால் அதுதான் சரி. கனெக்டரில் சிவப்பு, நீலப் புள்ளிகள் இருந்தால் சிவப்பு வலது. காதுக்கு மேல் வளையும் கொக்கி உள்ள கேபிளில், கொக்கியின் வளைவு இயற்கையாகக் காதோடு போகிற திசையே வழிகாட்டும். எம்.எம்.சி.எக்ஸ். வட்டம், அதற்குத் திசையே கிடையாது. அதில் இந்த அறிகுறி வந்தால் கேபிளுக்குள்ளேயே ஒயர் மாற்றிப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. திருப்பி அனுப்புங்கள்.

பாட்டு தானாக நிற்கிறது, போன் தானாகப் பேசுகிறது

மைக் பட்டன் என்பது மைக் ஒயரை எர்த்தோடு ஒரு கணம் தொடவைக்கும் சுவிட்ச், அவ்வளவுதான். வியர்வை உள்ளே இறங்கினாலும், ஜாக்கின் கழுத்தில் அந்த இரண்டு ஒயரும் உரசினாலும், போன் உங்கள் விரல் என்று நம்பிவிடுகிறது. பாட்டு நிற்கும், அடுத்த பாட்டுக்குத் தாவும், நடுரோட்டில் குரல் உதவியாளர் 'சொல்லுங்கள்' என்று வந்து நிற்கும். ஓடிவிட்டு வந்த பிறகு தொடங்கியது என்றால் ஈரம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் ஒன்றிரண்டு நாள் போட்டு வையுங்கள். ஜாக்கை ஆட்டும்போது வருகிறது என்றால் ஒயர். உடற்பயிற்சிக்குப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு என் யோசனை, மைக் இல்லாத மூன்று பகுதி ஜாக் கேபிள். அழைப்பு வந்தால் போனை வாயருகே பிடித்துப் பேசிக்கொள்ளலாம்.

ஒரு பக்கம் சத்தம் கம்மி

என் தெண்டச் செலவு இந்த இனம். இடம் மாற்றும் சோதனையில் அநேகமாக இயர்பீஸ்தான் மாட்டும். ரப்பர் முனையைக் கழற்றி, வலையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அழுக்கு தெரிந்தால், வலை தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். மேலே பார்க்கப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே விழும். வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் டிரைவருக்கு ஆகாது.

ரப்பர் முனை ஒரு பக்கம் சரியாக அடைக்காவிட்டாலும் அந்தப் பக்கம் பேஸ் போய் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும். கேபிள் தேய்ந்து ஒரு பக்கம் மெல்ல மெல்லச் சத்தம் குறைவது அரிது. கேபிள் கெட்டால் விட்டு விட்டு வரும், இல்லாவிட்டால் ஒரேயடியாக நிற்கும்.

கேபிள் பச்சையாகிவிட்டது

செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுகிறதே, அதுதான். தெளிந்த பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது, கறுப்பு உறைக்குள் நடந்தால் நமக்குத் தெரிவதில்லை. வியர்வை படும் காதுப்பகுதியில் முதலில் வரும். கேட்பதில் வித்தியாசம் இல்லாதவரை அழகுக் குறை மட்டுமே, விட்டுவிடலாம். ஊசிகளிலோ ஜாக்கிலோ கறை படிந்தால் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். புளி போட்டுத் தேய்க்கிற யோசனையோடு யாராவது அடுக்களையிலிருந்து வந்தால் தடுத்துவிடுங்கள், மேல்பூச்சு போய்விடும்.

கோளாறே அல்லாதவை

நடக்கும்போது கேபிள் சட்டையில் உரசி 'தொம் தொம்' என்று காதில் கேட்பது எல்லாக் கேபிளிலும் உண்டு. காதுக்கு மேலாகச் சுற்றி, தாடைக்குக் கீழே இருக்கும் நகரும் மணியை மேலே ஏற்றினால் பெருமளவு அடங்கும். காதில் அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் அது டிரைவரின் சவ்வு காற்றழுத்தத்தில் மடங்கி நிமிர்வது. லேப்டாப் சார்ஜில் இருக்கும்போது மட்டும் 'உர்ர்' என்று இரைந்து, சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிட்டால் அது மின் இணைப்பின் சேட்டை.

ஜாக்கை வெட்டி மாற்றுவது

சால்டரிங் இரும்பு பிடித்துப் பழகாதவர்கள் இதைத் தெருமுனை ரேடியோ-மொபைல் கடையில் கொடுத்துவிடலாம். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. பழகியவர்களுக்குச் சில குறிப்புகள்.

அடையாளம் வைத்த முறிவுக்கு மேலே ஒரு அங்குலம் தாராளமாக விட்டு வெட்டுங்கள். கஞ்சத்தனம் பார்த்தால் பாதி அறுந்த இழைகள் உள்ளேயே இருக்கும், அடுத்த மாதம் திரும்பவும் உட்கார வேண்டிவரும். உள்ளே மயிர் மாதிரி மெல்லிய ஒயர்கள்: பொதுவாகச் சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் எர்த். எர்த் இரண்டாக வந்தால் இரண்டையும் சேர்த்து முறுக்கிக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அந்த நிறம் வெறும் சாயம் இல்லை, எனாமல் பூச்சு. அதன்மேல் ஈயம் ஒட்டாது. நிறைய பேர் ஒட்டிவிட்டது என்று நினைத்து மூடிவிட்டு, ஊமை ஜாக்கை வைத்துக்கொண்டு முழிப்பது இதனால்தான். இரும்பின் நுனியில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, ஃப்ளக்ஸ் தொட்ட ஒயர் நுனியை அந்தத் துளிக்குள் சில விநாடி வைத்திருந்தால் பூச்சு எரிந்து ஈயம் ஏறிவிடும். வெள்ளியாக மினுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

ஜாக்கின் மூடியையும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் ஒயரில் முதலிலேயே கோத்துவிடுங்கள். எத்தனை தடவை செய்தாலும் இது மறக்கும். எல்லாம் பற்றவைத்து முடித்து நிமிர்ந்தால் மூடி மேசையில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஜாக்கை ஏதாவது பழைய சாக்கெட்டில் சொருகி வைத்துக்கொண்டு பற்றவையுங்கள். சூடு பட்டு உள் பிளாஸ்டிக் இளகினாலும் வளையங்கள் நகராது. மூடுவதற்கு முன் பீப் சோதனை: இடதும் வலதும் ஒன்றையொன்று தொடக்கூடாது, எர்த்தையும் தொடக்கூடாது. இயர்பீஸைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள், மாட்டியிருந்தால் அதன் சுருள் வழியாகவே மீட்டர் தொடர்பு காட்டிக் குழப்பும்.

புதிது வாங்குவதானால்

கனெக்டர் வகையை இயர்போனின் பெயரோடு சேர்த்து உறுதிசெய்யுங்கள். எம்.எம்.சி.எக்ஸ். என்று எழுதியிருந்தாலே எல்லாவற்றுக்கும் பொருந்திவிடாது: சென்ஹைசரின் ஐ.இ. 300, 600, 900 மாடல்களில் சாக்கெட் குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது, தடித்த கனெக்டர் அடிவரை போகாது. ஆடியோ-டெக்னிகாவின் ஏ2டிசி பார்க்க எம்.எம்.சி.எக்ஸ். மாதிரி இருக்கும், ஆனால் வேறு.

ஜாக் பக்கம் 4.4 வாங்க ஆசைப்பட்டால் உங்கள் கருவியில் அந்தத் துளை இருக்க வேண்டும். 4.4 கேபிளை அடாப்டர் வைத்து 3.5 துளையில் கேட்பதில் ஆபத்து இல்லை. தலைகீழாக, 3.5 கேபிளைச் சாதாரண அடாப்டரால் 4.4 பேலன்ஸ்டு துளையில் செருகினால் இரண்டு பக்கத்துத் திரும்பும் வழிகளும் ஒன்றாகி ஆம்ப்ளிஃபயர் பாழாகலாம்.

வெள்ளி முலாம், எட்டு இழை, பதினாறு இழை என்று விலை ஏறிக்கொண்டே போகும். நான் பார்ப்பது மூன்றுதான்: கழுத்துப்பகுதி வளைந்து கொடுக்கிறதா, ஜாக் எல் வடிவமா, குளிர் அறையிலும் கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா. ஒலி மேம்படும் என்று அதிகக் காசு கொடுக்க நான் தயாரில்லை. நல்ல கேபிளுக்கும் சுமார் கேபிளுக்கும் மின்தடையில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலான இயர்போன்களில் காதுக்கு எட்டாது. அந்தக் காசுக்கு நல்ல ரப்பர் முனைகள் வாங்கினால் வித்தியாசம் உடனே கேட்கும்.

பழைய கேபிளைத் தூக்கிப் போட வேண்டாம். ஜாக் நல்ல நிலையில் இருந்தால் அடுத்த கேபிளுக்கு ஆகும், கனெக்டர் நன்றாக இருந்தால் ஜாக்கை மட்டும் மாற்றலாம். நான் அன்றைக்குத் தெண்டமாக வாங்கிய கேபிள் இரண்டு வருஷம் டிராயரில் தூங்கியது. பிறகு அசல் கேபிளின் இடது கனெக்டர் நிஜமாகவே அறுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடுத்து மாட்டினேன். இன்றும் அதில்தான் கேட்கிறேன். கொக்கிப் பகுதியில் மட்டும் லேசாகக் களிம்பு ஏறியிருக்கிறது.